கைமாறும் பூட்டு, கைமாறும் கார்: சிங்கப்பூருக்குப் புதிதாக வருவோருக்கு ஒரு தரவுப் பாதுகாப்பு வழிகாட்டி

சிங்கப்பூரில் எந்தப் பொருளும் ஒருவர் கையில் நெடுநாள் தங்குவதில்லை. வாடகை வீட்டுக்குப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஒப்பந்தம். காருக்கு வாங்கும் வாகன உரிமைச் சான்றிதழின் ஆயுள் பத்து ஆண்டு. பகிர்வுக் கார் என்றால் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம். வேலை முடிந்து ஊருக்குக் கிளம்பும் குடும்பம் தொலைக்காட்சியையும் தரை துடைக்கும் ரோபோவையும் கேரோசல் என்ற இணையச் சந்தையில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டுப் போகிறது. அடுத்த வாரம் சாங்கியில் வந்திறங்கும் குடும்பம் அவற்றை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்கிறது.

தனிநபர் தரவு என்ற பேச்சை எடுத்தாலே பெரிய நிறுவனங்களும் அரசாங்கங்களும்தான் நம் நினைவுக்கு வரும். அந்தக் கவலையில் நியாயம் இருக்கிறது, அதற்கும் கீழே வருகிறேன். ஆனால் புதிதாகக் குடியேறியவர் முதல் வாரத்திலேயே பார்க்க வேண்டியது வேறு: இந்தப் பொருளை எனக்கு முன்னால் வைத்திருந்தவர் யார், அவர் இன்னும் இதற்குள் இருக்கிறாரா? இதைச் சரிபார்க்கத் தொழில்நுட்ப அறிவு தேவையில்லை. பொறுமையும், கூச்சப்படாமல் நாலு கேள்வி கேட்கும் மனமும் போதும்.

சாவி வாங்கும் நாளில்

இப்போது வாடகைக்கு வரும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளிலும் கொண்டோ எனும் தனியார் அடுக்குமாடி வீடுகளிலும் கதவில் மின்னணுப் பூட்டு இருப்பது சாதாரணம். முகவர் உங்களிடம் ஆறு இலக்க எண் ஒன்றைச் சொல்வார். அது புளோக் எண்ணையும் வீட்டு எண்ணையும் சேர்த்து ஒட்டிய எண்ணாக இருந்தால் வியக்காதீர்கள்.

அந்த எண்ணை மாற்றினால் வேலை முடிந்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். முடியவில்லை. இத்தகைய பூட்டு, எண்களைத் தனியாகவும், விரல்ரேகைகளைத் தனியாகவும், தொடு அட்டைகளைத் தனியாகவும் நினைவில் வைத்திருக்கும். எண்ணை மாற்றினாலும் முன்பு குடியிருந்தவரின் கட்டைவிரல் கதவைத் திறக்கும். அவர் பிள்ளைகளின் விரலும் திறக்கும், வாரம் ஒருமுறை வந்து வீட்டைச் சுத்தம் செய்தவரின் விரலும் திறக்கும். பதிவான எல்லா ரேகைகளையும் அட்டைகளையும் மொத்தமாக அழித்துவிட்டு, உங்கள் வீட்டாருடையதை மட்டும் புதிதாகப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். பூட்டின் நிர்வாகி எண் யாரிடம் இருக்கிறதோ அவரால்தான் இதைச் செய்ய முடியும். பெரும்பாலும் அவர் வீட்டு உரிமையாளர்தான்.

இதைவிட நுணுக்கமான ஒன்று உண்டு. பூட்டு கைப்பேசிச் செயலியோடு இணைந்திருந்தால், கதவு திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் செயலியில் நேரத்தோடு பதிவாகும். நீங்கள் இரவு எத்தனை மணிக்கு வேலையிலிருந்து திரும்புகிறீர்கள், பிள்ளை பள்ளி விட்டு எப்போது தனியாக வீட்டுக்குள் நுழைகிறது என்பதெல்லாம் உரிமையாளரின் கைப்பேசியில் மணியடித்து அறிவிப்பாக வந்து நிற்கும். அவர் அதைப் பார்க்க வேண்டும் என்று நினைத்திருக்கவே மாட்டார். ஆனாலும் வந்துகொண்டே இருக்கும். "அண்ணே, இந்தப் பூட்டின் செயலி யார் கைப்பேசியில் இருக்கிறது? என் பெயருக்கு மாற்றித் தர முடியுமா?" என்று சாவி வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். அன்று கேட்டால் அது வழக்கமான கேள்வி. இரண்டு மாதம் கழித்துக் கேட்டால் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடும். அவசரத்துக்கு உலோகச் சாவி ஒன்று உரிமையாளரிடம் இருப்பது வேறு விஷயம், அதில் தவறில்லை.

வீட்டில் ஏற்கெனவே ரூட்டர் இருந்தால், அதன் பின்புறமுள்ள சிறு துளையில் ஊசியை விட்டு அழுத்தி ஆதி நிலைக்குக் கொண்டுவந்து, நிர்வாகி மறைச்சொல்லையும் வைஃபை மறைச்சொல்லையும் மாற்றுங்கள். உரிமையாளரிடம் சொல்லிவிட்டுச் செய்வது நல்லது. அதே மூச்சில் விருந்தினர் வைஃபை ஒன்றையும் திறந்துவிடுங்கள். தொலைக்காட்சி, கேமரா, ரோபோ, மின்விளக்கு எல்லாவற்றையும் அதில் இணையுங்கள். கைப்பேசியும் மடிக்கணினியும் மட்டும் முதன்மை வைஃபையில் இருக்கட்டும். கேமராவுக்குள் யாராவது புகுந்தாலும் அங்கிருந்து உங்கள் வங்கிக் கணக்கு திறந்திருக்கும் கணினிக்கு வருவது கடினமாகும்.

வீடு முழுவதும் இல்லாமல் ஓர் அறை மட்டும் வாடகைக்கு எடுப்பவர்கள், பொதுக் கூடத்தில் கேமரா இருக்கிறதா, அதன் பதிவை யார் பார்ப்பார்கள் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். காரணம் இருக்கிறது. இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களைத்தான் கட்டுப்படுத்துகிறது. தன் சொந்த வீட்டுத் தேவைக்காகப் பதிவுசெய்யும் தனிமனிதரை அது தொடாது. குளியலறையிலோ நீங்கள் உறங்கும் அறையிலோ ஒளித்துவைத்த கேமரா என்றால் கதை வேறு. 2020 ஜனவரி முதல் தண்டனைச் சட்டத்தில் அது தனிக் குற்றமாகவே இடம்பெற்றிருக்கிறது. கண்ணில் பட்டால் கழற்ற முயலாதீர்கள். படம் எடுத்துக்கொண்டு காவல்துறையை அழையுங்கள்.

வீட்டுக்குள் கேமரா வைப்பதாக இருந்தால்

2020 அக்டோபரில் இந்த ஊரில் ஒரு செய்தி பலரைத் திடுக்கிட வைத்தது. வீட்டுக் கேமராக்களை ஊடுருவி எடுத்த காணொளிகள் ஆபாசத் தளங்களில் பரவின. அவற்றில் சிங்கப்பூர் வீடுகளில் எடுத்தவையும் இருந்தன. குழந்தையைப் பார்த்துக்கொள்ளவும் வயதான தாயைக் கவனிக்கவும் நல்லெண்ணத்தோடு வைத்த கேமராக்கள் அவை.

ஆகவே முதலில் தேவையா என்று யோசியுங்கள். தேவை என்றால் வாசலைப் பார்த்தபடி ஒன்று, அதிகம் போனால் கூடத்தில் ஒன்று. படுக்கையறைக்கு வேண்டாம். பெட்டியோடு வந்த மறைச்சொல்லை அன்றே மாற்றுங்கள், வேறெங்கும் பயன்படுத்தாத ஒன்றை வையுங்கள். செயலியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பு இருந்தால் இயக்குங்கள். பதிவுகளை நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பாமல் கேமராவுக்குள்ளேயே ஒரு நினைவக அட்டையில் வைத்துக்கொள்ளும் வசதி பல கேமராக்களில் இருக்கிறது. மாதச் சந்தாவும் மிச்சம்.

வீவக வீட்டு வாசலில் வைப்பவர்களுக்கு: 2023 மே முதல் தாழ்வாரத்தைப் பார்க்கும் கேமராவுக்கு முன் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் அது அண்டை வீட்டாரின் கதவையோ சன்னலையோ நோக்கி இருக்கக்கூடாது. எதிர்வீட்டு அக்கா வந்து, "தம்பி, இந்தக் கேமராவில் எங்கள் வீட்டு வாசல் தெரிகிறதா?" என்று கேட்டால், தெரியாது என்று வாயால் சொல்வதைவிடக் கைப்பேசியில் திரையைக் காட்டிவிடுவது மேல். பல செயலிகளில் படத்தின் ஒரு பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதியும் இருக்கிறது. அவர் முன்னாலேயே மறைத்துக் காட்டுங்கள்.

இல்லப் பணிப்பெண் இருக்கும் வீடு என்றால், கேமரா இருப்பதையும் எங்கே இருக்கிறது என்பதையும் அவரிடம் சொல்ல வேண்டும் என்று மனிதவள அமைச்சு அறிவுறுத்துகிறது. அவர் உறங்கும் இடத்திலும் உடை மாற்றும் இடத்திலும் குளியலறையிலும் வைக்கவே கூடாது. அவர் கூடத்தில்தான் உறங்குகிறார் என்றால், கூடத்துக் கேமராவுக்கு இடமே இல்லை. இதை வசதியாக மறந்துவிடுகிற வீடுகள் நம்மிடையே இருக்கின்றன என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

தொலைக்காட்சி, பேசும் பெட்டி, ரோபோ

நவீனத் தொலைக்காட்சி உங்களைப் பார்க்கிறது என்றால் மிகையாகத் தோன்றும். நீங்கள் பார்ப்பதை அது பார்க்கிறது என்பது உண்மை. திரையில் ஓடும் படத்தின் சிறு அடையாளங்களை எடுத்து, பெரிய தரவுத்தளத்தோடு ஒப்பிட்டு, நீங்கள் என்ன பார்க்கிறீர்கள் என்று கண்டுபிடிக்கும் நுட்பம் அதற்குள் இருக்கிறது. எச்டிஎம்ஐ கம்பி வழியே மடிக்கணினியை இணைத்துப் பார்த்தாலும் இது வேலைசெய்யக்கூடும். அமெரிக்காவில் விசியோ நிறுவனம் 1.1 கோடித் தொலைக்காட்சிகளில் பார்வையாளரின் ஒப்புதல் இல்லாமல் இப்படிச் செய்ததற்காக 2017இல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது.

நிறுத்துவது எளிது, கண்டுபிடிப்பதுதான் கடினம். சாம்சங்கில் "வியூயிங் இன்ஃபர்மேஷன் சர்வீசஸ்", எல்ஜியில் "லைவ் பிளஸ்", சோனியில் பெரும்பாலும் "சாம்பா" என்ற பெயர்களில் அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். புதுத் தொலைக்காட்சியை முதலில் இயக்கும்போது வரிசையாக வரும் ஒப்புதல் பக்கங்களில் "எல்லாவற்றுக்கும் சம்மதம்" என்ற பொத்தானை அழுத்தாமல், பயன்பாட்டு விதிமுறைக்கு மட்டும் சம்மதித்துவிட்டு மற்றவற்றைக் காலியாக விடலாம். படம் நன்றாகவே ஓடும்.

தங்கும் விடுதியில் பத்துப் பேர் ஒரே தொலைக்காட்சியைப் பகிர்பவர்கள் அதில் தங்கள் கூகல் கணக்கைத் திறக்கவே வேண்டாம். திறந்துவிட்டு மறந்தால், நீங்கள் கைப்பேசியில் தேடும் யூடியூப் காணொளிகளின் சாயல் நண்பர்கள் எல்லாரும் பார்க்கும் திரையில் பரிந்துரையாக வந்து நிற்கும்.

பேசும் ஒலிபெருக்கிகளில், பதிவுகளைச் சேமிக்காதே என்ற தெரிவைத் தேடி எடுங்கள். இதுவும் முழுத் தீர்வு இல்லை. குரலைச் சர்வருக்கு அனுப்பாமல் கருவிக்குள்ளேயே புரிந்துகொள்ளும் தெரிவு அமேசானின் சில எக்கோ கருவிகளில் இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அதை நிறுவனம் எடுத்துவிட்டது. வாங்கும்போது இருந்த வசதி பிறகும் இருக்கும் என்பதற்கு உறுதி கிடையாது. ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான் கருவியின் மேலேயே இருக்கும், அதைத்தான் நான் நம்புகிறேன்.

கேமரா உள்ள ரோபோ துடைப்பானை நான் பரிந்துரைப்பதில்லை. ரூம்பா ரோபோக்களைச் செய்யும் ஐரோபோட் நிறுவனத்தின் சோதனை ரோபோக்கள் எடுத்த படங்கள், கழிவறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படம் உட்பட, ரோபோவுக்குப் பயிற்சி தருவதற்காகப் படத்தில் உள்ளவற்றுக்குப் பெயரிடும் ஊழியர்கள் வழியாகச் சமூக ஊடகக் குழுக்களுக்குப் போனது 2022இல் வெளிவந்தது. பங்கேற்றவர்கள் ஒப்புதல் கொடுத்துச் சோதனைக்கு வாங்கிய கருவிகள் அவை என்று நிறுவனம் விளக்கம் சொன்னது. அவர்கள் ஒப்புக்கொண்டது இதற்காக இருக்குமா என்பதை நீங்களே முடிவுசெய்யுங்கள். லேசரால் வழிகண்டு ஓடும் ரகம் தரையை அதே அளவு சுத்தமாகத்தான் துடைக்கிறது.

வாங்கும் முன் லேபிளைத் தேடுங்கள்

சிங்கப்பூர் இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 அக்டோபரில் வீட்டுக் கருவிகளுக்கு நான்கு நிலைப் பாதுகாப்பு லேபிளை அறிமுகப்படுத்தியது. முதல் நிலை, எல்லாக் கருவிக்கும் ஒரே மறைச்சொல் போன்ற அடிப்படை ஓட்டைகள் இல்லை என்பதைக் காட்டும். நான்காம் நிலையில் வல்லுநர்கள் ஊடுருவிப் பார்த்துச் சோதித்திருப்பார்கள். இங்கே விற்கும் வைஃபை ரூட்டர்களுக்கு இது கட்டாயம், மற்றவற்றுக்கு விருப்பம். சிம் லிம் ஸ்குவேரிலோ முஸ்தஃபாவிலோ கேமரா வாங்கும்போது லேபிள் இல்லாத மலிவுப் பொருளைத் தவிர்ப்பது நல்லது.

ஆனால் லேபிளின் எல்லையையும் புரிந்துகொள்ளுங்கள். பூட்டு உறுதியானதா என்பதை அது சொல்லும். பூட்டு செய்தவர் தன்னிடம் இன்னொரு சாவி வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்பதைச் சொல்லாது.

பகிர்வுக் காரில் ஏறும்போதும் இறங்கும்போதும்

புதிதாக வந்தவர்கள் கார் வாங்குவது அரிது; வாகன உரிமைச் சான்றிதழின் விலையைக் கேட்டதுமே ஆசை அடங்கிவிடும். வார இறுதியில் பகிர்வுக் காரோ வாடகைக் காரோ எடுத்துக் குடும்பத்தோடு சுற்றுவதுதான் வழக்கம்.

ஏறி உட்கார்ந்ததும் திரையில் புளூடூத் பட்டியலைத் திறந்து பாருங்கள். முன்பு ஓட்டியவர்களின் கைப்பேசிகள் பெயரோடு வரிசையாக நிற்கும்: ஒருவரின் முழுப்பெயர், அதன்கீழே இன்னொருவருடைய அலுவலகக் கைப்பேசி. வழிகாட்டிப் பகுதிக்குப் போனால் கடைசியாகச் சென்ற இடங்கள்: ஒரு பாலர் பள்ளி, ஒரு மருத்துவமனை, "வீடு" என்று சேமித்த ஒரு புளோக் எண். அந்த மனிதரை நீங்கள் பார்த்ததே இல்லை. ஆனால் அவர் வாரத்தின் ஒரு நாள் உங்கள் முன்னால் விரிந்து கிடக்கிறது. உங்களுடையதும் அடுத்தவருக்கு இப்படித்தான் கிடைக்கும்.

கைப்பேசியை இணைக்கும்போது, தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் காருக்குத் தரலாமா என்று ஒரு கேள்வி வரும். வேண்டாம் என்று அழுத்துங்கள். பாட்டுக் கேட்கவும் பேசவும் அது தேவையில்லை. ஏற்கெனவே தந்துவிட்டீர்கள் என்றால், கைப்பேசியின் புளூடூத் அமைப்பில் அந்தக் காரின் பெயரைத் தொட்டுத் தொடர்பு எண் பகிர்வை நிறுத்தலாம். காருக்குள் போய்விட்டதை மட்டும் காரில்தான் அழிக்க வேண்டும். வழிகாட்டிக்குக் காரின் சொந்த வரைபடத்தில் முகவரியைத் தட்டாமல், கைப்பேசியையே பிடியில் மாட்டிப் பயன்படுத்துங்கள். மின்னேற்றத்துக்கு யூஎஸ்பி துளையைவிட, பழைய சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சார்ஜர் பாதுகாப்பானது; அதில் மின்சாரம் மட்டுமே போகும்.

காரைத் திருப்பி நிறுத்தியதும், செயலியில் பயணத்தை முடிக்கும் முன் உங்கள் கைப்பேசியைப் பட்டியலிலிருந்து நீக்குங்கள். அரை நிமிட வேலை. கூடவே, பகிர்வுக் கார் செயலிக்குக் கொடுத்த இருப்பிட அனுமதியை "பயன்படுத்தும்போது மட்டும்" என்று மாற்றிவையுங்கள். கார் எங்கே இருக்கிறது என்று அறிய அவர்களுக்கு உரிமை உண்டு. நீங்கள் செவ்வாய்க்கிழமை எங்கே இருந்தீர்கள் என்று அறிய உரிமை இல்லை.

டாக்சியிலும் தனியார் வாடகைக் காரிலும் பயணிகளை நோக்கிய கேமரா இருந்தால், அதற்கு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். வண்டியில் அறிவிப்பும் ஒட்டியிருக்க வேண்டும்.

சொந்தக் கார் வாங்கினால்

மோசில்லா அறக்கட்டளை 2023இல் 25 கார் பிராண்டுகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. அதே ஆண்டு, டெஸ்லா ஊழியர்கள் வாடிக்கையாளர் கார்களின் கேமராப் பதிவுகளைத் தங்களுக்குள் பகிர்ந்து சிரித்த செய்தியை ராய்ட்டர்ஸ் வெளியிட்டது. 2024 இறுதியில், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் சுமார் எட்டு லட்சம் மின்கார்களின் தரவு, பலவற்றின் துல்லியமான இருப்பிடம் உட்பட, பாதுகாப்பில்லாமல் இணையத்தில் கிடந்தது அம்பலமானது. மூன்றும் வெளிநாட்டுக் கதைகள். கார்கள் என்னவோ இங்கே ஓடுபவைதான்.

காட்சிக்கூடத்தில் சாவியைக் கொடுக்கும் மகிழ்ச்சியான நாளில் விற்பனையாளர் உங்கள் கைப்பேசியை வாங்கி, பிராண்டின் செயலியை இறக்கி, எல்லாப் பெட்டியிலும் டிக் அடித்துக் கொடுத்துவிடுவார். உதவிதான் செய்கிறார். கைப்பேசியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒவ்வொன்றாக நீங்களே படியுங்கள். விளம்பரத்துக்காகவும் "சேவையை மேம்படுத்தவும்" கேட்கும் ஒப்புதல்களை மறுக்கலாம். அவசர அழைப்பையும் மென்பொருள் புதுப்பித்தலையும் விட்டுவையுங்கள். அவை உயிரோடு தொடர்புடையவை.

பழைய கார் வாங்குபவர்கள் இன்னொன்றையும் செய்ய வேண்டும். முந்தைய உரிமையாளரின் செயலிக் கணக்கு காரோடு இன்னும் இணைந்திருக்கிறதா என்று பிராண்டின் முகவரிடம் கேட்டு, நீக்கியதை எழுத்தில் வாங்குங்கள். நீக்காவிட்டால், காரை எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள் என்று அவரால் பார்க்க முடியும். சில கார்களில் கதவைத் திறக்கவும் முடியும்.

கண்ணாடிக்குக் கீழே அரசாங்கக் கருவி

சாலைக் கட்டணத்துக்காக 2023 நவம்பர் முதல் வாகனங்களில் புதிய கருவி பொருத்தப்படுகிறது. 1998இல் வந்த பழைய முறை சாலைக்கு மேல் நிற்கும் நுழைவுவளைவுகளை நம்பியது. புதியது செயற்கைக்கோள் வழியே வாகனத்தின் இடத்தை அறியக்கூடியது. போக்குவரத்துத் திட்டமிடலுக்கு அடையாளம் நீக்கிய தரவையே பயன்படுத்துவதாக நிலப் போக்குவரத்து ஆணையம் கூறியிருக்கிறது. இதை வேண்டாம் என்று சொல்லும் வழி வாகனம் வைத்திருப்பவருக்கு இல்லை.

இதில் மக்கள் கேள்வி கேட்பது ஏன் என்று புதியவர்களுக்குப் புரியாமல் போகலாம். கொவிட் காலத்தில் தொடர்புத் தடமறிய மட்டும் என்று நம்பி டிரேஸ்டுகெதர் செயலியை வைத்திருந்தவர்கள், குற்ற விசாரணைக்கும் காவல்துறை அதைக் கேட்டுப் பெறலாம் என்பதை 2021 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் அறிந்தார்கள். அடுத்த மாதமே அதை ஏழு வகைக் கடுங்குற்றங்களோடு நிறுத்தும் சட்டம் வந்தது. மக்கள் கேட்டதால் வந்த சட்டம் என்றே நான் அதைப் பார்க்கிறேன். நாம் பேசிக்கொண்டிருக்கும் தகவல் பாதுகாப்புச் சட்டம் அரசாங்க அமைப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்குத் தனிச் சட்டம் உண்டு.

நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல்

தனியார் நிறுவனம் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. 2012ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் தகவல் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை நியமித்து, அவரைத் தொடர்புகொள்ளும் வழியை வெளியிட வேண்டும். இணையத்தளத்தின் அடியில், தனியுரிமைக் கொள்கைப் பக்கத்தில் அந்த மின்னஞ்சல் முகவரி இருக்கும். மூன்று கேள்விகளை எளிய ஆங்கிலத்தில் எழுதினால் போதும்: என்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள்? கடந்த ஓராண்டில் அதை எப்படிப் பயன்படுத்தினீர்கள், யாரிடம் கொடுத்தீர்கள்? விளம்பரத்துக்கு நான் கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன், எப்போது நிறுத்துவீர்கள்?

30 நாளுக்குள் பதில் தர வேண்டும். முடியாவிட்டால் எப்போது தருவோம் என்றாவது சொல்ல வேண்டும். நியாயமான கட்டணம் கேட்கலாம். பதிலே வராவிட்டால், அனுப்பிய மின்னஞ்சலின் நகலோடு தனிநபர் தகவல் பாதுகாப்பு ஆணையத்திடம் புகார் செய்யுங்கள். பெரிய நிறுவனங்களுக்கு அபராதம் சிங்கப்பூரில் அவற்றின் ஆண்டு வருவாயில் பத்து விழுக்காடு வரை போகலாம் என்பதால், ஆணையத்தின் பெயரைக் கேட்டால் மின்னஞ்சல்களுக்குத் திடீரென வேகம் வரும்.

விற்கும்போது

கருவியை விற்கும் முன் இரண்டு வேலை, இந்த வரிசையில்: முதலில் உங்கள் கணக்கிலிருந்து கருவியை நீக்குங்கள், பிறகு கருவியை ஆதி நிலைக்குத் திருப்புங்கள். இரண்டாவதை மட்டும் செய்தால் சில கருவிகள் உங்கள் கணக்கோடு பூட்டியே கிடக்கும், வாங்கியவர் இரவு பத்து மணிக்கு உங்களை அழைப்பார்.

பத்தாண்டு முடிந்து பதிவுநீக்கம் செய்யும் காரை யாரும் கவனிப்பதில்லை. உடைத்துவிடுவார்கள் என்ற நினைப்பு. பல கார்கள் முழு உருவில் கப்பலேறி வெளிநாட்டுக்குப் போகின்றன, திரையும் அதற்குள் இருக்கும் உங்கள் வீட்டு முகவரியும் தொடர்பு எண்களும் சேர்ந்தே. ஒப்படைக்கும் முந்தின நாள் திரையை ஆதி நிலைக்குத் திருப்புங்கள், செயலியில் காரை நீக்குங்கள், டேஷ்கேமின் நினைவக அட்டையைக் கழற்றுங்கள். முன் இருக்கைக்கு எதிரே உள்ள பெட்டியையும் திறந்து பாருங்கள்: பழைய பட்டறை ரசீதிலும் காப்புறுதித் தாளிலும் உங்கள் பெயர், முகவரி, அடையாள எண் மூன்றும் அச்சாகியிருக்கும்.